நாலாவது பற்றறி

பதினொரு வருசமாய்
இந்தச் சைக்கிளுக்குள் ஒரு டொக் இருந்தது.
கல்வியங்காட்டு வளைவில் டொக்.
செம்மணி வெளியில் எதிர்காத்துக்கு உழக்கும்போது
குழிக்குக் குழி டொக்.
மட்கார்ட் மாத்தினேன், பெடல் மாத்தினேன்,
செயின்கவரைக் கழற்றி எறிந்தே விட்டேன்.
திருத்துகிற நேசராசா கடைசியில் சொன்னான்:
"மிஸ், அது பழைய றலி. கதைக்கும். விடுங்கோ."

காங்கேசன்துறை இறங்குதுறையில்
பைகளையெல்லாம் விழுங்கிய எக்ஸ்ரே பெட்டி
சைக்கிளுக்கு வாய் திறக்கவில்லை.
ஹாண்டில் போனால் சில்லுப் போகாது.
பக்கத்து மேசையில் ஒருவரின்
நல்லெண்ணெய்ப் போத்தலுக்கு வழக்கு நடந்தது.

என்னை ஓரமாய் எடுத்தார்கள்.
சீருடைப் பெடியன், இருபத்துநாலு வயதிருக்கும்,
நெஞ்சில் கசுன் என்று பெயர்.
படித்த தமிழ். ஒவ்வொரு சொல்லையும்
கழுவித் துடைத்து வைத்தான்.
"பம்பு. இது குழாய் மாதிரி. முடியாது."
"சொலூசன். தீப்பற்றும்."
"ஸ்பனர். ஆயுதம்."
"சில்லில் காற்று. குறைக்க வேண்டும்."
காத்துமா தம்பி, என்றேன்.
"காற்றும்."
யாழ்ப்பாணத்துக் காத்து
அவன் சப்பாத்தில் சீறி இறங்கியது.

பிறகு சட்டத்தைத் தட்டினான்.
"இதற்குள் என்ன?"
ஒன்றுமில்லை.
"சத்தம் வருகிறது."
பழைய றலி, கதைக்கும் என்று
சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை.
சோதனை மேசையில் பகிடி விடக்கூடாதென்று
பால்பல்லோடேயே பழக்கியிருந்தார்கள் எங்களை.

என் ஸ்பனராலேயே சீட்டைக் கழற்றினான்.
தலைகீழாய்ப் பிடித்துக் குலுக்கினான்.
துரு. இன்னும் துரு. செத்த கரப்பான் ஒன்று.
உக்கிய துணிநூல்.
பிறகு, டொக்கென்று மேசையில்,
ஒரு பென்ரோச் பற்றறி,
வெள்ளைப் பூஞ்சணம் பிடித்து, வயிறு வீங்கி.

"இதை ஏன் ஒளித்தீர்கள்?"

அவன் பிறக்க முன்னம்
பற்றறி இங்கே பட்டியலில் இருந்தது.
சவுக்காரம், மெழுகுதிரி, சைக்கிள் ரியூப், பற்றறி.
இந்தச் சைக்கிளை எனக்கு வித்தது
பாசையூர்ச் சவரிமுத்துவின் மனிசி.
அவர் கிளாலியால் ராவில் வந்துபோனவராம்,
வள்ளத்தின் அணியத்தில் சைக்கிளைக் கிடத்தி.

ரேடியோவுக்கு நாலு வேணும்.
நாலையும் துணி சுற்றிச் சீட்டுக்குக் கீழே இறக்கி,
அத்தனை சென்றியும் தாண்டி வீட்டுக்கு வந்து
மனுசன் குலுக்கியிருப்பார். மூன்று விழுந்திருக்கும்.
மூன்றை வைத்துச் செய்தி கேட்க ஏலாது.
ஆகவே எல்லாரையும் போல
சைக்கிளைக் கவிட்டு வைத்து
பெடலைக் கையால் சுத்திச் சுத்தி
டைனமோவில் ரேடியோவைக் கதைக்க வைத்திருப்பார்.
செய்தி முடியுமட்டும்
அதே சைக்கிளின் வயித்துக்குள்
துணி சிக்கிய நாலாவது
சும்மா கிடந்திருக்கும்.

இவ்வளவையும் கசுனுக்கு
எந்தத் தமிழில் சொல்ல?
"பழைய ஆக்கள் வைச்சது" என்றேன்.
அவன் பட்டியலைப் புரட்டினான்.
பற்றறிக்கு இப்போது தடையில்லை.
ஒழுகுகிற பற்றறிக்குத்தான்.
ரசீது எழுதினான்:
பம்பு ஒன்று, சொலூசன் ஒன்று,
ஸ்பனர் ஒன்று, பற்றறி ஒன்று.
கடைசி வரிக்கு மட்டும் உரிமையாளர்
வேறை பெயர் போடலாமோ, கேட்டேன்.
"ஒரு ரசீதுக்கு ஒரு பெயர்தான், மிஸ்."

ஏறச் சொல்லிக் கூப்பிட்ட அவசரத்தில்
சீட்டை ஒரு அங்குலம் பதித்துப் பூட்டிவிட்டான்.
நாகபட்டினத்தில் கடையொன்றில் காத்தடித்து
ஏறி இருந்தபோதுதான் தெரிந்தது.
முழங்கால் ஹாண்டிலில் இடிக்கிறது.
உயர்த்த ஸ்பனர் இல்லை.
சவரிமுத்து கட்டை மனுசன் என்று
அவர் மனிசி சொன்ன ஞாபகம்.
அப்படியே உழக்கினேன்,
அவருடைய உயரத்தில்,
வேளாங்கண்ணி ரோட்டில்
ஒவ்வொரு குழிக்கும் காது கொடுத்துக்கொண்டு.